ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றாங்களே? மனச்சிதைவும் குழம்பின பேச்சும்: அடிக்கடி கேக்குற கேள்விகள்

என் தம்பிக்கு 22 வயசுல மனச்சிதைவு, அதாவது சிசோஃப்ரினியா, ஆரம்பிச்சுது, இப்போ 37. நான் டாக்டர் இல்ல, அவனோட அக்கா. மாசம் ஒரு தடவ இந்த மாதிரி குடும்பங்கள் கூடுற கூட்டத்துக்கு வருஷக்கணக்கா போறேன், அங்க குரல் கேக்குறத பத்தியும் சந்தேகப்படுறத பத்தியும் நிறைய பேசுவாங்க, ஆனா வீட்ல தினம் தினம் நம்மள அலைக்கழிக்கிற விஷயம் பேச்சு, அத பத்தி யாரும் உக்காந்து விளக்குறதில்ல. டீ குடிக்கிற நேரத்துல என்கிட்ட வந்து கேட்ட கேள்விகளத்தான் கேட்டவங்க சொன்ன விதத்துலயே போட்டிருக்கேன். தம்பியோட பேச்ச போட அவன்கிட்ட கேட்டுட்டேன், போடுக்கான்னு சொல்லிட்டான்.

பையன் ஒண்ணு கேட்டா ஒண்ணு சொல்றான்க்கா, இது திமிரா வியாதியா?

திமிர்ல பேசுறவனுக்கு நீங்க கடுப்பாகுறது தெரியும், அதுக்காகத்தான் பேசுறான். குழம்பி பேசுறவனுக்கு தான் சொன்னது உங்களுக்கு புரியலங்குறதே பல நேரம் தெரியாது, தெரிஞ்சாலும் ஏன் புரியலன்னு தெரியாது. எங்க வீட்ல நடந்தத சொல்றேன். ராத்திரி எட்டரை மணி, தோசைக்கல்லு அடுப்புல இருக்கு, நான் திரும்பிப் பாக்காமலே "சாப்டியாடா"ன்னு கேட்டேன். அவன் சொன்னது இது: "சாப்பாடு சட்டில இருக்கு, சட்டம் பேசுனா சட்டை கிழியும், கிழிஞ்சத தச்சு, தச்சு குடுத்தவன் மெக்கானிக்கு, நட்டு லூசு, லூசுன்னு கீழ்வீட்டுல சொல்லி, கீழ இறங்கி போயி, போயி..." அந்த போயிலயே நின்னுட்டு என் மூஞ்சிய பாத்தான், மிச்சத்த நான் முடிச்சு குடுப்பேன்னு எதிர்பாக்குற மாதிரி. நான் என்ன பண்ணேன், ஒழுங்கா பதில் சொல்லுடான்னு கத்துனேன். இன்னிக்கும் மனசு அடிச்சுக்குது.

காய்ச்சல்ல, தூக்கமில்லாதப்போ, பரீட்சை பயத்துல யாருக்கும் பேச்சு கொஞ்சம் தாறுமாறா போகும், அதுக்கெல்லாம் பயப்பட வேண்டாம். நீங்க பாக்க வேண்டியது, இவன் முன்னாடி இப்படி பேசுற ஆளா, இது புதுசா, வாரக்கணக்கா போகுதா, கூடவே தூக்கம் கெட்டிருக்கா, ஃப்ரெண்ட்ஸ விட்டுட்டானா, படிப்பு வேலை விழுந்துடுச்சா, யாரோ பேசுறாங்க பாக்குறாங்கன்னு சொல்றானா. இதுல ரெண்டு மூணு சேந்து இருந்தா மனநல டாக்டர பாத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.

மனச்சிதைவுன்னா சினிமால வர்ற மாதிரி ஒரே ஆள் ரெண்டு ஆளா மாறுறது தானே?

இல்லைங்க. அது வேற பிரச்சனை. சிசோஃப்ரினியாங்குற பேர 1908ல யூஜின் ப்ளாய்லர்னு ஸ்விட்சர்லாந்து டாக்டர் வச்சாரு, கிரேக்கத்துல பிளவுன்னு ஒரு சொல், மனசுன்னு ஒரு சொல், ரெண்டையும் சேத்தாரு. அவர் பிளவுன்னு சொன்னது ஆள் ரெண்டாகுறத இல்ல, எண்ணத்தையும் எண்ணத்தையும் கோக்குற கண்ணி தளந்து போறத. அதாவது இந்த பக்கத்துல நாம பேசுற விஷயத்தத்தான் அவர் இந்த நோயோட மையம்னே நெனச்சாரு. குரல் கேக்குறது, தப்பான நம்பிக்கையெல்லாம் அவருக்கு அதுக்கு அடுத்தபடிதான்.

பேரு தப்பா புரியப்படுதுன்னு ஜப்பான்ல நோயாளி குடும்பங்க கேட்டுக்கிட்டதுல 2002ல அந்த நாட்டு பேரையே மாத்திட்டாங்க, மனசு பிளந்த நோய்ங்குற மாதிரி இருந்தத ஒருங்கிணைப்பு குறைஞ்ச நிலைங்குற அர்த்தத்துக்கு கொண்டு வந்தாங்க. நம்ம தமிழ்ல சிதைவுன்னு வச்சிருக்கோம், எனக்கு அந்த சொல் பிடிக்கல, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்ச சொல் அதுதாங்குறதால நானும் அதையே எழுதுறேன்.

பேச்சு குழம்புறதுன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரியா? எங்க வீட்டுக்காரர் நல்லா கோர்வையா பேசுறாரு, ஆனா மனச்சிதைவுன்னு சொல்லியிருக்காங்க

எல்லாருக்கும் பேச்சு குழம்பாது. சிலருக்கு பேச்சு தெளிவா இருக்கும், நம்புற விஷயம்தான் நடக்காததா இருக்கும். டாக்டருங்க பயன்படுத்துற அமெரிக்க கையேட்டுல 2013 பதிப்புல தப்பான நம்பிக்கை, இல்லாதது கேக்குறது தெரியுறது, குழம்பின பேச்சு, குழம்பின நடத்தை, உணர்ச்சியும் முயற்சியும் வத்திப்போறதுன்னு அஞ்சு சொல்லி, அதுல குறைஞ்சது ரெண்டு இருக்கணும், அந்த ரெண்டுல ஒண்ணு முதல் மூணுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்காங்க. மொத்தத்துல ஆறு மாசமாவது ஏதோ ஒரு விதத்துல தொடரணும். அதனால பேச்ச மட்டும் வச்சு இருக்குன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது.

குழப்பத்துல வகை நிறைய. 1979ல அயோவால நான்சி ஆண்ட்ரியாசன் பதினெட்டு வகையா பிரிச்சு அளவுகோல் ஒண்ணு போட்டாங்க. அந்தம்மா டாக்டர் ஆகுறதுக்கு முன்னாடி ஆங்கில இலக்கியத்துல முனைவர் பட்டம் வாங்கி பாடம் நடத்துனவங்க, அதனாலதான் பேச்ச இவ்ளோ உன்னிப்பா கேட்டிருக்காங்கன்னு எனக்கு தோணும். ரயில் தண்டவாளம் மாறுற மாதிரி ஒரு விஷயத்துல இருந்து பக்கத்து விஷயத்துக்கு நழுவிட்டே போறது தடம் புரளுறது. கேட்ட கேள்விய லேசா தொட்டுட்டு வேற பக்கம் போயி திரும்பி வராதது இன்னொண்ணு. ஊரச் சுத்தி கடைசில பதிலுக்கு வந்து சேந்துடுறது வேற, அது நம்ம பெரியப்பா சித்தப்பா நிறைய பேருக்கு உண்டு, நோய் இல்ல. அப்புறம் நிறைய பேசுவாங்க, ஆனா யோசிச்சுப் பாத்தா ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டாங்க. சொன்னதையே சொல்றது, நாம சொன்னத திருப்பிச் சொல்றது, புது வார்த்தை உண்டாக்குறது, சத்தம் ஒத்துப்போற வார்த்தையா அடுக்குறது, எல்லாம் மொத்தமா கலந்து வார்த்தை அவியலா வர்றது. இந்த அவியலும் புது வார்த்தையும்தான் கதைகள்ல பெருசா காட்டுவாங்க, ஆனா ஆண்ட்ரியாசன் பாத்தப்போ அது ரெண்டும் அபூர்வம், நழுவுறதும் சொல்ல வந்தத தொலைக்கிறதும்தான் அதிகம். வீட்ல நாம பாக்குறதும் அப்படித்தான் இருக்கு.

புத்தகத்துல எல்லாம் இங்கிலீஷ் உதாரணமா இருக்கு, தமிழ்ல பேசுறவங்களுக்கு எப்படி தெரியும்?

நான் இத ரொம்ப நாளா கவனிச்சேன், சொல்றது என்னோட கவனிப்பு மட்டும்தான், ஆராய்ச்சி இல்ல. தமிழ்ல வினை கடைசில வரும். போயி, வந்து, பாத்து, வாங்கின்னு எச்சமா அடுக்கிட்டே போகலாம், முடிக்கிற வினை வர்ற வரைக்கும் கேக்குறவங்க காத்திருப்போம். தம்பிக்கு மோசமா இருந்த நாட்கள்ல எச்சம் எச்சமா வரும், முற்று வரவே வராது. மேல சொன்ன "கீழ இறங்கி போயி, போயி" அதுதான். யாரு போனா, போயி என்ன ஆச்சு, ஒண்ணும் இல்ல. அதே மாதிரி அதனால, அப்போ, ஆனான்னு சேக்குற சொல்லு சரியா விழும், ஆனா அந்த ரெண்டு பக்கமும் சேராது. "மழை வந்துச்சு, அதனால எங்க சாருக்கு மூணு பொண்ணு"ன்னான் ஒரு நாள்.

இலக்கணம் பெரும்பாலும் கெடாதுங்குறத கவனிங்க. அவன் வேற்றுமை உருபுல தப்பு பண்ணல, இறந்த காலம் எதிர்காலம் மாத்தல. வாக்கியத்துக்குள்ள எல்லாம் சரி, வாக்கியத்துக்கும் வாக்கியத்துக்கும் நடுவுலதான் பாலம் இல்ல. 1970கள்ல அமெரிக்காவுல எலெய்ன் சைக்கான்னு ஒரு மொழியியலாளர் இது மொழியே கெட்டுப்போறதுன்னு எழுதுனாங்க, விக்டோரியா ஃப்ராம்கின் அதுக்கு பதில் எழுதி, இந்த மாதிரி வாய் தவறுறது எல்லார் பேச்சுலயும் இருக்கு, கோளாறு எண்ணத்துலதான் இருக்குன்னாங்க. நான் வீட்ல பாத்தது ஃப்ராம்கின் சொன்னதோடதான் ஒத்துப்போகுது.

எதுகை மோனை நம்ம ரத்தத்துல ஊறுனது, பட்டிமன்றத்துலயும் மேடையிலயும் அடுக்குமொழி கேட்டே வளந்தவங்க நாம, அதனால சத்தம் ஒத்துப்போறத மட்டும் வச்சு பயப்படாதீங்க. மேடைல பேசுறவரு அர்த்தத்துக்கு சத்தத்த தேடுறாரு. தம்பி விஷயத்துல சட்டி வந்ததும் சட்டம் தானா வந்துடுச்சு, சட்டம் வந்ததும் சட்டை, சத்தம்தான் அவன இழுத்துட்டு போச்சு.

மூளைல என்னதான் ஆகுது? வாய் நல்லா இருக்கே, காது நல்லா இருக்கே

முழுசா யாரும் கண்டுபிடிச்சு முடிக்கல, தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். நாம ஒரு வார்த்தைய நெனச்சா பக்கத்து வார்த்தையெல்லாம் கூடவே முழிச்சுக்கும். சட்டின்னா சோறு, அடுப்பு, கரண்டி. தேவையில்லாதத மூளை அமுக்கிடும், நமக்கு அது நடக்குறதே தெரியாது. 1993ல ஜெர்மனில மன்ஃப்ரெட் ஸ்பிட்சரும் கூட இருந்தவங்களும் ஒரு சோதனை பண்ணாங்க. எலுமிச்சைன்னு காட்டிட்டு உடனே இனிப்புன்னு காட்டுனா, எலுமிச்சையில இருந்து புளிப்பு, புளிப்புல இருந்து இனிப்புன்னு ரெண்டு எட்டு தள்ளி இருக்குற வார்த்தை அது. பேச்சு குழம்புறவங்க அந்த தூரத்து வார்த்தையையும் சீக்கிரமா அடையாளம் கண்டாங்க. அதாவது வார்த்தைங்க ரொம்ப தூரம் வரைக்கும் முழிச்சுக்குது. அதோட, சொல்ல வந்தது என்னன்னு மனசுல பிடிச்சு வச்சிருக்குற தற்காலிக ஞாபகமும் இந்த நோய்ல பலவீனமா இருக்கும். கும்பல் ஜாஸ்தி, வாசல்ல நிக்குற ஆள் வீக்.

1992ல பாஸ்டன்ல மார்த்தா ஷென்டன் குழு மூளைய படம் எடுத்துப் பாத்தப்போ இடது பக்க காதுக்கு மேல, பேச்ச புரிஞ்சுக்குற பகுதி யாருக்கு சின்னதா இருந்துச்சோ அவங்களுக்கு பேச்சுக் குழப்பம் அதிகமா இருந்துச்சு. பாத்தது 15 பேரத்தான், ஆனா அதுக்கப்புறம் வந்த வேலைகளும் அந்த இடத்தையே சுத்தி வருது. தம்பிகிட்ட ஒரு தடவ கேட்டேன், உள்ள எப்படிடா இருக்கும்னு. "க்ளாஸ்ல எல்லா பசங்களும் ஒரே நேரத்துல கையத் தூக்கி சார் சார்னு கத்துற மாதிரி, எனக்கு யாரக் கூப்பிடணும்னு தெரியாது, யாரு முன்னாடி ஓடி வந்தானோ அவன் பேசிடுவான்"னான்.

நான் வளத்த விதத்துல தப்பாம்மா? எங்க மாமியார் நான் ரெண்டு பேச்சு பேசுனதாலதான் பையன் குழம்பிட்டான்னு சொல்றாங்க

இல்லவே இல்ல. உங்க மாமியார் மட்டும் இல்ல, பெரிய பெரிய படிப்பாளிங்களே இப்படி சொன்ன காலம் உண்டு. 1948ல ஃப்ரீடா ஃப்ராம் ரைக்மன்னு ஒரு டாக்டர் தாயோட குணத்த காரணம் காட்டுனாங்க, 1956ல கிரெகரி பேட்சன் குழு, வீட்ல வாய் ஒண்ணு சொல்லும் முகம் ஒண்ணு சொல்லும், அந்த முரண்பாட்டுல மாட்டுன பிள்ளைக்கு இந்த நோய் வருதுன்னு எழுதுச்சு. நோய்க்கு காரணம்னு சொன்ன அந்த கருத்துக்கு ஆதாரம் கிடைக்கல, கைவிட்டாச்சு. ஆனா அதுக்குள்ள எத்தன அம்மாக்கள் குத்த உணர்ச்சில வெந்திருப்பாங்க. மரபணு, கர்ப்ப காலத்து சிக்கல், சின்ன வயசுலயே கஞ்சா அதிகமா எடுக்குறதுன்னு பல காரணம் சேந்து வர்ற நோய் இது. இத மாமியார்கிட்டயும் படிச்சு காட்டுங்க.

அவ பேசுறதுல ஏதாவது அர்த்தம் இருக்கா, இல்ல காதுலயே வாங்காம விட்டுடலாமா?

விட்டுடாதீங்க. தம்பியோட அந்த வாக்கியத்துக்கு திரும்ப வாங்க. "லூசுன்னு கீழ்வீட்டுல சொல்லி." ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அன்னிக்கு காலைல கீழ்வீட்டுக்காரர் மாடிப்படில வச்சு இவன லூசுன்னு திட்டியிருக்காரு. அவன் எனக்கு அத சொல்லத்தான் சொன்னான், ஆனா சட்டி, சட்டம், நட்டு நடுவுல புதைஞ்சு போச்சு. சாப்பிடவும் இல்ல, ஏன்னா கீழ இறங்குனா அவர தாண்டித்தான் கடைக்கு போகணும்.

அதுக்காக ஒவ்வொரு வார்த்தையையும் தோண்டி அர்த்தம் கண்டுபிடிக்க உக்காராதீங்க, ஜோசியம் பாக்குற மாதிரி ஆகிடும், நம்ம கற்பனையத்தான் அவங்க வாயில திணிப்போம். அடிக்கடி திரும்பி வர்ற ஆள் யாரு, திரும்பி வர்ற இடம் எது, எந்த வார்த்தைல குரல் மாறுது, இத மட்டும் கவனிங்க. வலி, பசி, பயம் மூணும்தான் அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கும் பெரும்பாலும். பல்வலிய மூணு வாரம் பாம்பு கதையாவே சொன்ன ஒருத்தர எனக்கு தெரியும்.

திடீர்னு பாதில பேச்சு நின்னுடுது, கேட்டா யாரோ எண்ணத்த உருவிட்டாங்கன்னு சொல்றா

பேசிட்டே இருக்கும்போது பட்டுனு வெறுமையாகுறத எண்ணத் தடைன்னு சொல்லுவாங்க. நமக்கும் என்ன சொல்ல வந்தேன்னு மறக்கும், ஆனா ஐயோ மறந்துட்டேன்னு சிரிப்போம். அவங்களுக்கு அந்த வெறுமை வெளியில இருந்து யாரோ பண்ண மாதிரியே இருக்கும். என் எண்ணத்த எடுத்துட்டாங்க, வேற யாரோடதையோ வச்சுட்டாங்க, நான் நெனக்கிறது எல்லாருக்கும் கேக்குதுன்னு சொன்னா அத டாக்டர்கிட்ட அதே வார்த்தையில சொல்லுங்க, கர்ட் ஷ்னைடர்ங்குற ஜெர்மன் டாக்டர் காலத்துல இருந்து ரொம்ப முக்கியமா பாக்குற அறிகுறி இது. கண் ஒரே பக்கம் நிலைச்சு, வாய் சப்புக்கொட்டி, கூப்பிட்டா உணர்வே இல்லாம சில நொடி நின்னா அது வலிப்பா கூட இருக்கலாம், அதையும் சொல்லணும்.

எங்க அண்ணனுக்கு நேர் எதிர். ம், ஆமா, தெரியல, இவ்வளவுதான் நாள் பூரா. கோவமா இருக்காரோ?

கோவம் இல்ல, பேச்சு வறட்சின்னு இதுக்கும் பேர் உண்டு. சொல்லப்போனா இதுதான் குடும்பத்த ரொம்ப தனிமைப்படுத்துது, ஏன்னா உளறுனா நோய்ன்னு ஊருக்கு புரியும், பேசாம இருந்தா சோம்பேறி, தலைக்கனம்னுதான் சொல்லுவாங்க. மாத்திரைக்கு குழப்பம் அடங்குற அளவுக்கு இந்த வறட்சி அடங்காது. ஆனா உடனே நோய்தான்னு முடிவு பண்ணாதீங்க. மனச்சோர்வா இருக்கலாம், மாத்திரை டோஸ் கூடிப்போய் உடம்பு விறைச்சு முகம் அசையாம இருக்கலாம், உள்ள குரல் கேட்டுட்டே இருக்கறதால நம்ம குரல் விழாம இருக்கலாம். மூணுமே சரி பண்ணக்கூடியது, டாக்டர்கிட்ட தனித்தனியா கேளுங்க.

மாமனாருக்கு 71 வயசு, நேத்து ராத்திரில இருந்து சம்பந்தமில்லாம பேசுறாரு. இதுவும் மனச்சிதைவு ஆரம்பமா?

இத படிச்சிட்டு இருக்காம ஆஸ்பத்திரிக்கு கிளம்புங்க. மனச்சிதைவு பெரும்பாலும் பதினெட்டு இருபதுகள்ல, பொம்பளைங்களுக்கு கொஞ்சம் தள்ளி, வாரக்கணக்குல மாசக்கணக்குல வரும். ஒரே ராத்திரில வர்ற உளறல் வேற. பக்கவாதத்துல பேச்சு புரியுற பகுதி அடிபட்டா சரளமா, அர்த்தமே இல்லாம பேசுவாங்க, கை கால் நல்லாவே இருக்கும், அதனால வீட்ல யாருக்கும் பக்கவாதம்னு தோணாது. வயசானவங்களுக்கு சிறுநீர்த் தொற்று, சோடியம் குறையுறது, சர்க்கரை இறங்குறது, குடிய திடீர்னு நிறுத்துறது, எல்லாத்துலயும் இப்படி ஆகும். மணிக்கணக்கு முக்கியம்.

சின்ன வயசுலயும் நாள் கணக்குல திடீர்னு குழப்பம், கூடவே காய்ச்சல், வலிப்பு, வாய் கோணி கோணி அசையுறது இருந்தா மூளைக்காய்ச்சல் மாதிரி ஒரு எதிர்ப்பு சக்தி நோயா இருக்கலாம், 2007ல ஜோசப் டால்மாவ் குழு அதுல ஒரு வகைய கண்டுபிடிச்சு சொன்னதுக்கப்புறம் நிறைய பேர் பொழைச்சிருக்காங்க, நரம்பியல் டாக்டர கட்டாயம் பாக்கணும்.

யாருக்கும் தெரியாத பாஷை பேசுறா, பேய் பிடிச்சிருக்குன்னு கோயிலுக்கு கூட்டிட்டு போக சொல்றாங்க

புது வார்த்தை உண்டாக்குறத பத்தி மேல சொன்னேன். அபூர்வம்தான், ஆனா வரும்போது ரெண்டு மூணு சொல்ல ஒட்டி ஒண்ணாக்குன மாதிரி இருக்கும், அவங்களுக்கு அதுக்கு நிச்சயமான அர்த்தம் இருக்கும். கோயிலுக்கு, தர்காவுக்கு, மாதா கோயிலுக்கு போறது உங்களுக்கு தெம்பு குடுத்தா போங்க, நானும் போனேன். மாத்திரைய நிறுத்திட்டு போகாதீங்க, கட்டிப்போடுற இடத்துல விடாதீங்க. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலைல ஏர்வாடில மனநோயாளிங்கள வச்சிருந்த கொட்டகை தீப்பிடிச்சப்போ சங்கிலில கட்டியிருந்ததால ஓட முடியாம மொத்தம் 28 பேர் செத்தாங்க. அதுல எத்தன பேர் தீ தீன்னு கத்தியும் உளறுறாங்கன்னு நெனச்சிருப்பாங்களோன்னு எனக்கு இன்னும் தோணும். இப்போ 2017 மனநலச் சட்டப்படி சங்கிலி போடுறது எந்த விதத்துலயும் தடை.

மாத்திரை போட்டா பேச்சு சரியாகுமா, எத்தன நாள்ல?

முதல்ல தூக்கமும் படபடப்பும் சரியாகும், பேச்சு அதுக்கப்புறம்தான். ரெண்டு வாரத்துல மாத்தம் தெரிய ஆரம்பிக்கும், நாலுல இருந்து ஆறு வாரம் குடுத்துதான் ஒரு மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு முடிவு பண்ணுவாங்க. பத்து நாள்ல ஒண்ணும் ஆகலன்னு டாக்டர மாத்திடாதீங்க. ரெண்டு மருந்து சரியான அளவுல சரியான காலம் குடுத்தும் கேக்கலன்னா க்ளோசபின்ங்குற மருந்த பத்தி நீங்களே கேளுங்க, ரத்தத்துல வெள்ளணு குறையுற ஆபத்து இருக்குறதால ஆரம்பத்துல வாராவாரம் ரத்தம் பாக்கணும், அந்த அலைச்சலுக்கு பயந்து பல குடும்பம் வேண்டாங்குது. எங்களுக்கு அதுதான் கைகொடுத்துச்சு.

சென்னைல டாக்டர் சாரதா மேனன் 1984ல ஆரம்பிச்ச ஸ்கார்ஃப்ங்குற மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்புக்காரங்க தொடர்ந்து பாத்துட்டு வந்த ஆய்வு ஒண்ணு இருக்கு. அந்த அமைப்பு வர்றதுக்கு முன்னாடியே, 1981ல இருந்து, முதல் தடவ நோய் வந்த 90 பேர வருஷக்கணக்கா பின்தொடர்ந்தாங்க, பத்து வருஷம் கழிச்சு பாத்தப்போ பெரும்பாலானவங்க நல்லா இருந்தாங்க. இது நம்ம ஊர் ஆளுங்கள வச்சு பாத்ததுங்குறதால எனக்கு ரொம்ப தெம்பு குடுத்த விஷயம்.

இன்னொண்ணு, மாத்திரை ஆரம்பிச்சதும் நாக்கு குழறுனா, எச்சில் வடிஞ்சா அது நோய் கூடிட்டதா இல்ல, பக்க விளைவு. குழறுறது வேற, குழம்புறது வேற. ஃபோன்லயாவது டாக்டர்கிட்ட சொல்லி டோஸ் மாத்திக்கோங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

டாக்டர் முன்னாடி அஞ்சு நிமிஷம் ஜம்முனு பேசிடறான்க்கா, நாங்கதான் பொய் சொல்ற மாதிரி ஆகிடுது

இது எல்லார் வீட்லயும் நடக்குது. தூக்கம் வருதா, சாப்பிடுறியா, மாத்திரை போடுறியான்னு கேட்டா ஆமா இல்லைன்னு பதில் சொல்லிடலாம், அங்க குழப்பம் தெரியவே தெரியாது. நீளமா பேச விட்டாத்தான் நழுவுறது தெரியும். எங்களையும் ஒரு இடத்துல, பையன் நல்லாத்தானே இருக்கான், நீங்கதான் டென்ஷன் ஆகுறீங்கன்னு திருப்பி அனுப்புனாங்க, அந்த வாரம் எங்கம்மா சாப்பிடவே இல்ல.

வீட்ல அவங்க சொன்ன ரெண்டு வாக்கியத்த சொன்ன மாதிரியே நோட்டுல எழுதி, தேதி போட்டு கொண்டு போங்க. கன்னாபின்னான்னு பேசுறான்னு சொன்னா டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது, சட்டி சட்டம் சட்டை வாக்கியத்த படிச்சு காட்டுனா ஒரு நொடில புரிஞ்சுக்குவாரு, எங்களுக்கு அப்படித்தான் நடந்துச்சு. வந்தத பத்தி நாலு நிமிஷம் அவனே பேசட்டும் டாக்டர்னு தன்மையா கேளுங்க. திருட்டுத்தனமா வீடியோ எடுக்காதீங்க. ஏற்கனவே யாரோ பாக்குறாங்கன்னு பயப்படுற பிள்ளைக்கு நாம அத நிஜமாக்கிடுவோம். வீட்ல தெலுங்கோ சௌராஷ்டிராவோ உருதுவோ பேசுறவங்களா இருந்தா அதையும் முதல்லயே சொல்லிடணும், ரெண்டாவது பாஷைல திணறுறத நோய்னு எடுத்துக்கவும் கூடாது, அங்க மனப்பாடமா வர்ற சின்ன பதில தெளிவுன்னு எடுத்துக்கவும் கூடாது.

அப்போ நாங்க அவங்ககிட்ட எப்படித்தான் பேசணும்?

முதல்ல டிவிய அமத்துங்க. ஒரு நேரத்துல ஒருத்தர் மட்டும் பேசுங்க. எங்க வீட்ல அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், சித்தப்பா ஃபோன் ஸ்பீக்கர்ல ஒரு பக்கம்னு பேசுவோம், நல்லா இருக்குறவனுக்கே தலை சுத்தும். சின்ன கேள்வியா, ஒரு தடவைக்கு ஒண்ணா கேளுங்க. "சாப்டியா, மாத்திரை போட்டியா, அப்பா எங்க"ன்னு கேட்டா மூணுமே போச்சு. "தோசையா இட்லியா"ன்னு கேட்டா பதில் வரும். கேட்டுட்டு காத்திருங்க, மனசுக்குள்ள பத்து எண்ணுங்க, ஏழாவதுல பதில் வரும்போது நாம அடுத்த கேள்விய போட்டு கெடுத்துடுறோம்.

புரியலன்னா தலையாட்டாதீங்க. புரிஞ்ச மாதிரி நடிச்சா அவங்களுக்கு தெரிஞ்சுடும். "எனக்கு கீழ்வீடுன்னது மட்டும் புரிஞ்சுதுடா, அங்க என்ன ஆச்சு"ன்னு புரிஞ்ச ஒரு நூல பிடிச்சு கேளுங்க. அதுவும் வரலன்னா "இப்போ வேண்டாம், டீ குடிச்சிட்டு பேசலாம்"னு விடுங்க. தப்பு தப்பா பேசுறன்னு திருத்துறது, சொந்தக்காரங்க முன்னாடி பேச வச்சு காட்டுறது, அவங்க மாதிரியே பேசி சிரிக்கிறது, மூணும் கூடவே கூடாது. 1976ல லண்டன்ல கிறிஸ்டின் வானும் ஜூலியன் லெஃபும் பாத்ததுல, குத்தம் சொல்றது, வெறுப்பு காட்டுறது, கைக்குள்ளயே வச்சு மூச்சு முட்ட வைக்கிறதுன்னு இருக்குற வீடுகள்ல நோய் சீக்கிரம் திரும்புச்சு. நோய்க்கு வளர்ப்பு காரணம் இல்லன்னு மேல சொன்னேன், ஆனா நோய் வந்தப்புறம் வீட்டோட சத்தம் குறைஞ்சா நிஜமாவே வித்தியாசம் தெரியும். அதே மாதிரி சண்டிகர்ல பாத்தப்போ நம்ம நாட்டு குடும்பங்கள்ல அந்த குத்தம் சொல்றது லண்டன விட குறைவாவே இருந்துச்சு.

ஒரு டாக்டர் பைபோலார்ங்குறாரு, இன்னொருத்தர் மனச்சிதைவுங்குறாரு, ரெண்டு பேரும் பேச்ச வச்சுத்தான் சொல்றாங்களாம்

பைபோலார்ங்குறது மனசு ஒரு காலம் எகிறி ஒரு காலம் சோந்து விழுற நோய். அதுல எகிறுற நேரத்துலயும் பேச்சு தாவும், ஆண்ட்ரியாசனே அத காட்டியிருக்காங்க. அங்க வேகம் தாங்காது, நிறுத்த முடியாது, உற்சாகமோ எரிச்சலோ பொங்கும், மெதுவா போட்டு கேட்டா தாவலுக்கு நடுவுல இருக்குற பாலம் நமக்கும் கொஞ்சம் தெரியும். எகிறல் இறங்கினதும் பேச்சு பழைய மாதிரி ஆகிடும். மனச்சிதைவுல வேகம் இல்லாமலே நழுவும், பாலம் நமக்கு தெரியாது, கூடவே மேல சொன்ன வறட்சியும் இருக்கும், நடுவுலயும் முழுசா போகாது. ஆனா இத ஒரு நாள்ல பிரிக்க முடியாது, ரெண்டும் கலந்த நோயும் உண்டு. டாக்டருங்க மாத்தி சொல்றது ஏமாத்துறதுக்கு இல்ல, காலம்தான் காட்டும். நீங்க தேதி போட்டு எழுதுற நோட்டு அங்கயும் உதவும்.

பேச்ச ரெக்கார்ட் பண்ணி குடுத்தா கம்ப்யூட்டரே முன்கூட்டி சொல்லிடுமாமே?

2015ல கில்லர்மோ செச்சி, ஷெரில் கார்கரன் இவங்க குழு நோய் வர வாய்ப்பு அதிகம்னு கருதுன 34 இளைஞருங்களோட பேச்ச கம்ப்யூட்டர்ல போட்டு, வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் அர்த்தம் எவ்வளவு நெருக்கம், வாக்கியம் எவ்வளவு சிக்கல்னு அளந்தாங்க. அதுல 5 பேருக்கு பின்னாடி நோய் வந்துச்சு, அந்த 5 பேரையும் கம்ப்யூட்டர் சரியா பிரிச்சுது. கேக்க அதிசயமா இருக்கும், ஆனா 34 பேருங்குறது ரொம்ப சின்ன எண்ணிக்கை, அதுவும் இங்கிலீஷ் பேச்சு. நம்ம எச்சத்துக்கும் முற்றுக்கும் அது எப்படி வேலை செய்யும்னு தமிழ்ல பேசுறவங்கள வச்சுத்தான் பாக்கணும். இப்போதைக்கு ஃபோன்ல ஆப் போட்டு பிள்ளைய சோதிக்காதீங்க.

குழப்பத்துக்கு நடுவுல சாகப்போறேன்னு சொன்னா அதுவும் உளறல்தானா?

உளறல்னு எடுத்துக்கவே எடுத்துக்காதீங்க. பாம்பு கதைக்குள்ள பல்வலி இருந்த மாதிரி இதுக்குள்ளயும் நிஜம் இருக்கும். தனியா விடாதீங்க, மாத்திரை டப்பா, பூச்சிமருந்து, கயிறு எல்லாத்தையும் கைக்கு எட்டாம எடுத்து வைங்க, சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது. 14416க்கு ராத்திரி எந்நேரமும் கூப்பிடலாம், டெலிமானஸ்ங்குற அரசு மனநல உதவி எண் அது, தமிழ்லயே பேசுவாங்க. அவங்க காதுல கேக்குற குரல் செத்துப்போன்னு சொல்லுதுன்னா காத்திருக்காம ஆஸ்பத்திரி.

பேச்சே புரியல, அப்போ அவருக்கு பதிலா எல்லா முடிவும் நாங்களே எடுத்துடலாமா?

சட்டம் அப்படி சொல்லல. 2017 மனநலச் சட்டத்துல நாலாவது பிரிவு, சிகிச்சை விஷயத்துல ஒருத்தருக்கு விவரத்த புரிஞ்சுக்கவோ, விளைவ உணரவோ, பேச்சாலயோ சைகையாலயோ முடிவ தெரிவிக்கவோ முடிஞ்சா அவருக்கு முடிவெடுக்குற திறன் இருக்குன்னுதான் எடுத்துக்கணும்னு சொல்லுது. அவர் எடுத்த முடிவு நமக்கு பிடிக்கலங்குறதால திறன் இல்லன்னு ஆகிடாது. நல்லா இருக்குற நேரத்துல அவரே தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதிய எழுதி வச்சுக்கலாம், தம்பி என் பேர எழுதியிருக்கான். மோசமா இருந்தப்போ கூட ஆஸ்பத்திரியா வீடான்னு ரெண்டு விரல காட்டி கேட்டா ஒண்ண தொடுவான், வாய் எங்கேயோ போயிட்டிருக்கும், விரல் சரியா இருக்கும். சொத்து கையெழுத்து விஷயம் வேற சட்டம், அதுக்கு வக்கீல கேளுங்க.

உங்க தம்பி இப்போ எப்படி பேசுறாரு?

பெரும்பாலும் நல்லா. ஒரு ஜெராக்ஸ் கடைல காலைல பத்துல இருந்து ரெண்டு வரைக்கும் நிக்கிறான், அங்க எத்தன காப்பி, முன்பக்கமா ரெண்டு பக்கமா, இதுக்கு மேல யாரும் கேக்க மாட்டாங்க, அது அவனுக்கு சௌகரியம். தூக்கம் கெட்டாலோ கல்யாண வீட்டுக் கூட்டத்துக்கு போனாலோ இன்னும் நழுவும். அப்போ அவனே கைய தூக்கி "இரு அக்கா, விட்டுப்போச்சு"ன்னுட்டு உக்காந்துக்குவான். சில நாள் விட்ட இடத்துல இருந்து எடுப்பான். சில நாள் எடுக்க மாட்டான், எழுந்து போயி மோட்டார போட்டுட்டு தொட்டி நிறையுற வரைக்கும் அங்கயே நிப்பான்.